பெட் நெகிழியைச் சிதைக்கும் நுண்ணுயிரிகளும் நொதிகளும்

நெகிழியின் நுண்ணுயிரிச் சிதைவு என்பது, பாக்டீரியா, பூஞ்சை போன்ற நுண்ணுயிரிகள் தாம் சுரக்கும் நொதிகளைக் கொண்டு நெகிழியின் (பிளாஸ்டிக்கின்) நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைச் சிறு மூலக்கூறுகளாக வெட்டி, அவற்றை உணவாகப் பயன்படுத்திக்கொள்ளும் நிகழ்வாகும். இவ்வகைச் சிதைவு மிகத் தெளிவாக ஆராயப்பட்டுள்ள நெகிழி, தண்ணீர் பாட்டில்கள் செய்யப் பயன்படும் பெட் ஆகும். 2016ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள், பெட்டை உண்டு வளரும் ஐடியோனெல்லா சாகையென்சிஸ் என்னும் பாக்டீரியாவைப் பற்றி அறிவித்ததிலிருந்து இத்துறை வேகமாக வளர்ந்து வருகிறது.

"நெகிழியைத் தின்னும் பாக்டீரியா வந்துவிட்டது, இனிக் குப்பைக் கவலை இல்லை" என்ற பொருளில் செய்திகள் அவ்வப்போது வெளிவருகின்றன. அப்பாக்டீரியா இருப்பது உண்மை. ஆனால் குப்பைக் கவலை தீர்ந்தது என்பது உண்மையன்று. எந்த நெகிழி சிதைகிறது, எப்படிச் சிதைகிறது, எந்தச் சூழ்நிலையில் சிதைகிறது என்ற மூன்றையும் அறிந்தால்தான் இவ்வேறுபாடு விளங்கும். இக்கட்டுரை அவற்றை ஒவ்வொன்றாக விளக்குகிறது.

பெட் என்பது என்ன?

பெட் என்பது பாலியெத்திலீன் டெரிப்தாலேட் என்னும் பெயரின் சுருக்கமாகும். 1941இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், கேலிகோ பிரின்டர்ஸ் அசோசியேஷன் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்ட், ஜேம்ஸ் டென்னன்ட் டிக்சன் என்னும் இரு வேதியியலாளர்கள் இதை உருவாக்கினர். முதலில் இது துணி நூற்பதற்கான இழையாகவே பயன்பட்டது. டெரிலின் என்ற பெயரில் விற்கப்பட்ட துணி இதுதான். நம் வீடுகளில் முந்தைய தலைமுறையினர் உடுத்திய டெரிகாட்டன், இந்த இழையையும் பருத்தியையும் கலந்து நெய்தது. இன்று பாலியெஸ்டர் துணி என்று நாம் வாங்குவதில் பெரும்பகுதியும் பெட் இழையே.

அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தைச் சேர்ந்த நதானியேல் வயத், பெட்டைக் கொண்டு குளிர்பான பாட்டில் செய்யும் முறைக்கு 1973இல் காப்புரிமை பெற்றார். கண்ணாடி பாட்டிலைவிட எடை குறைவு, கீழே விழுந்தால் உடையாது, உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தத்தையும் தாங்கும் என்பதால் இது உலகெங்கும் பரவியது. தண்ணீர் பாட்டிலின் அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்தால், அம்புக்குறிகளாலான முக்கோணத்துக்குள் 1 என்ற எண் இருப்பதைக் காணலாம். அது பெட்டைக் குறிக்கும் எண்ணாகும்.

வேதியியல் நோக்கில் பெட் இரண்டு சிறு மூலக்கூறுகளால் ஆனது. ஒன்று டெரிப்தாலிக் அமிலம், மற்றொன்று எத்திலீன் கிளைக்கால். பூத்தொடுக்கும்போது மல்லிகையையும் மருக்கொழுந்தையும் மாற்றி மாற்றி வைத்துக் கட்டுவதைப்போல, இவ்விரண்டும் மாறிமாறி இணைந்து நீண்ட சங்கிலியாகின்றன. ஒரு சங்கிலியில் இத்தகைய இணைகள் நூற்றுக்கும் மேல் இருக்கும். இரண்டையும் இணைக்கும் முடிச்சுக்கு எஸ்டர் பிணைப்பு என்று பெயர். அமிலமும் கிளைக்காலும் ஒன்றோடொன்று இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. அதே இடத்தில் ஒரு நீர் மூலக்கூறை மீண்டும் சேர்த்தால் முடிச்சு அவிழும். இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். பெட்டைச் சிதைக்கும் நொதிகள் செய்யும் வேலை இதுவே.

நெகிழி ஏன் எளிதில் மக்குவதில்லை?

வாழையிலை சில வாரங்களில் மக்கிவிடுகிறது. நெகிழிப் பொருள் பல்லாண்டுகள் கிடந்தாலும் அப்படியே இருக்கிறது. இதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, அளவு. பாக்டீரியா தன் உயிரணுச் சவ்வின் வழியாகச் சிறு மூலக்கூறுகளை மட்டுமே உள்ளே எடுத்துக்கொள்ள முடியும். பெரிய மூலக்கூறாக இருந்தால் நொதியை வெளியே சுரந்து, உணவை அங்கேயே வெட்டி, துண்டுகளை உள்ளிழுக்க வேண்டும். நம் வாயிலும் இதைப் போன்ற ஒன்று நடக்கிறது. ஒரு பிடி சோற்றை விழுங்காமல் நெடுநேரம் மென்றால் இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் நொதி, மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியைச் சர்க்கரையாக வெட்டுவதே அவ்வினிப்புக்குக் காரணம்.

இரண்டாவது, பழக்கம். மாவுச்சத்து, செல்லுலோஸ், புரதம் ஆகியவை கோடிக்கணக்கான ஆண்டுகளாக இயற்கையில் இருப்பவை. அவற்றை வெட்டும் நொதிகளும் அதே காலஅளவில் தோன்றி வளர்ந்துவிட்டன. பெட் தோன்றி ஒரு நூற்றாண்டுகூட ஆகவில்லை.

மூன்றாவது, கட்டமைப்பு. பெட்டின் சங்கிலிகள் சில இடங்களில் ஒழுங்காக, நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். இவை படிகப் பகுதிகள். வேறு சில இடங்களில் கலைந்த நூற்கண்டுபோலத் தாறுமாறாகக் கிடக்கும். இவை படிகமற்ற பகுதிகள். கலைந்து கிடக்கும் நூலின் இழையைப் பிடித்து வெட்டுவது எளிது. இறுக்கிச் சுற்றிய கண்டில் இழையைப் பிடிப்பதே கடினம். நொதிக்கும் இதே இடர்ப்பாடுதான்.

நொறுங்குதல் வேறு, சிதைதல் வேறு

வெயிலில் கிடந்த நெகிழி வாளி நாளடைவில் வெளிறி, தொட்டால் நொறுங்குவதைப் பலரும் பார்த்திருப்பர். இது மக்குதல் அன்று. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சங்கிலிகளை ஆங்காங்கே அறுப்பதால் பொருள் துண்டுதுண்டாகிறது. துண்டுகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்தாலும் அவை நெகிழியாகவே இருக்கின்றன. 5 மில்லிமீட்டருக்கும் குறைவான இத்துகள்கள் நுண்நெகிழி எனப்படுகின்றன.

உண்மையான உயிரிச் சிதைவில் நெகிழியின் கரிமம் நுண்ணுயிரியின் உடலாகவோ, கார்பன் டை ஆக்சைடாகவோ மாற வேண்டும். எனவே, நெகிழியின் எடை குறைந்தது என்பது மட்டும் போதிய சான்று ஆகாது. அது எதுவாக மாறியது என்பதையும் காட்ட வேண்டும்.

சாகாய் நகரில் கிடைத்த பாக்டீரியா

ஜப்பானின் ஒசாகா மாநிலத்தில் சாகாய் என்றொரு நகரம் உள்ளது. அங்குள்ள பெட் பாட்டில் மறுசுழற்சிக் கூடம் ஒன்றின் சுற்றுப்புறத்தில், கியோட்டோ தொழில்நுட்பக் கழகத்தின் கோஹெய் ஓடா தலைமையிலான குழுவினர் மாதிரிகளைச் சேகரித்தனர். பெட் துணுக்குகள் கலந்த வண்டல், மண், கழிவுநீர், கசடு என மொத்தம் 250 மாதிரிகள் எடுக்கப்பட்டன. வேறு நல்ல உணவு எதுவும் அதிகமில்லாத கரைசலில் மெல்லிய பெட் படலத்தைப் போட்டு, அதனுடன் ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனியே வளர்த்தனர். பெட்டை உண்ணத் தெரிந்த உயிரி எதுவோ அதுவே அங்கு செழித்து வளரும் என்பது இம்முறையின் அடிப்படை.

46ஆம் எண் மாதிரியில் பெட் படலத்தின்மீது நுண்ணுயிரிகள் கூட்டமாகப் படிந்து வளர்ந்தன. அக்கூட்டத்தில் பாக்டீரியாக்களுடன் ஈஸ்ட் போன்ற உயிரணுக்களும் புரோட்டோசோவாக்களும் இருந்தன. அதிலிருந்து பெட்டைச் சிதைக்கும் பாக்டீரியாவை மட்டும் பிரித்தெடுத்து, ஊரின் பெயரால் ஐடியோனெல்லா சாகையென்சிஸ் என்று பெயரிட்டனர். ஷோசுகே யோஷிடா முதல் ஆசிரியராகவும், கெய்யோ பல்கலைக்கழகத்தின் கென்ஜி மியாமோட்டோ உள்ளிட்டோர் இணை ஆசிரியர்களாகவும் எழுதிய ஆய்வுக்கட்டுரை 2016 மார்ச் மாதம் 'சயின்ஸ்' ஆய்விதழில் வெளிவந்தது.

இப்பாக்டீரியா 30 பாகை செல்சியசில் மெல்லிய பெட் படலத்தை ஏறத்தாழ ஆறு வாரங்களில் முழுமையாகச் சிதைத்தது. பெட்டை முதன்மையான கரிம உணவாகவும் ஆற்றல் மூலமாகவும் பயன்படுத்தும் உயிரி ஒன்று உண்டு என்பது இதனால் உறுதியானது. ஆனால் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆய்வில் பயன்பட்ட படலத்தின் படிகத்தன்மை 1.9 விழுக்காடு மட்டுமே. கடையில் வாங்கும் பாட்டில், ஊதி இழுத்து உருவாக்கப்படுவதால் அதன் படிகத்தன்மை இதைவிடப் பல மடங்கு அதிகம். படலம் ஆறு வாரத்தில் கரைந்தது என்பதால் பாட்டிலும் ஆறு வாரத்தில் கரையும் என்று கொள்ளக் கூடாது.

இரு நொதிகள் செய்யும் வேலை

ஐடியோனெல்லா சாகையென்சிஸ் பெட்டை உண்ணும் முறையைப் பின்வரும் படிகளாகப் பிரிக்கலாம்.

1. பாக்டீரியா பெட்டின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, பெட்டேஸ் என்னும் நொதியை வெளியே சுரக்கிறது.

2. பெட்டேஸ், எஸ்டர் பிணைப்புகளை நீராற்பகுத்துச் சங்கிலியை வெட்டுகிறது. இதனால் முதன்மையாகக் கிடைப்பது, ஓர் அமிலமும் ஒரு கிளைக்காலும் மட்டும் இணைந்த சிறு துண்டு. இதன் பெயர் மோனோ ஹைட்ராக்சி எத்தில் டெரிப்தாலேட். சுருக்கமாக எம்ஹெட் எனலாம்.

3. எம்ஹெட் துண்டை எம்ஹெட்டேஸ் என்னும் இரண்டாவது நொதி வெட்டி, டெரிப்தாலிக் அமிலத்தையும் எத்திலீன் கிளைக்காலையும் தனித்தனியே பிரிக்கிறது.

4. டெரிப்தாலிக் அமிலம் உயிரணுவுக்குள் எடுத்துக்கொள்ளப்பட்டு, வேறு நொதிகளால் புரோட்டோகேட்டசூயிக் அமிலமாக மாற்றப்படுகிறது. பிறகு அதன் கரிம வளையம் திறக்கப்படுகிறது.

5. அவ்வாறு கிடைக்கும் சிறு மூலக்கூறுகள், பல உயிரிகளும் ஆற்றல் பெறப் பயன்படுத்தும் வளர்சிதைமாற்றச் சுழற்சிக்குள் செல்கின்றன. முடிவில் ஆற்றலும் கார்பன் டை ஆக்சைடும் நீரும் கிடைக்கின்றன.

இவற்றில் நெகிழிக் கழிவு ஆய்வாளர்களுக்கு மிகவும் தேவைப்படுபவை 2, 3 ஆகிய படிகளே. அவற்றின் முடிவில் கிடைப்பவை, பெட் எந்தப் பொருள்களால் செய்யப்பட்டதோ அதே பொருள்கள். பாக்டீரியாவை அவற்றைத் தின்ன விடாமல், நொதியை மட்டும் பிரித்தெடுத்துப் பயன்படுத்தினால், பழைய பாட்டிலிலிருந்து புதிய பாட்டிலுக்கான மூலப்பொருளைத் திரும்பப் பெறலாம். பாக்டீரியாவைவிட அதன் நொதி முதன்மை பெற்றது இதனால்தான்.

இலையின் மேலுறையிலிருந்து பாட்டில்வரை

பெட் தோன்றி நூறாண்டுகூட ஆகாத நிலையில் அதை வெட்டும் நொதி எங்கிருந்து வந்தது? இதற்கான விடை தாவர இலைகளில் இருக்கிறது.

இலைகளின்மேல் நீர் ஒட்டாத மெல்லிய மேலுறை ஒன்று உண்டு. அது கியூட்டின் என்னும் பொருளாலும் மெழுகாலும் ஆனது. கியூட்டினும் எஸ்டர் பிணைப்புகளால் இணைந்த ஒரு பாலிமரே. உதிர்ந்த இலையை உண்ணும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் இந்த உறையைத் துளைப்பதற்காகக் கியூட்டினேஸ் என்னும் நொதியைச் சுரக்கின்றன. பெட்டேஸின் வடிவம் கியூட்டினேஸின் வடிவத்தைப் பெரிதும் ஒத்திருக்கிறது. இலையின் எஸ்டர் முடிச்சை அவிழ்க்கும் வகை நொதியே சிறுசிறு மாற்றங்கள் பெற்று, பெட்டின் எஸ்டர் முடிச்சையும் அவிழ்க்கிறது என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

ஆகவே, பெட்டைச் சிதைக்கும் நொதி 2016இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது எனக் கூறுவது சரியன்று. 2005இலேயே ஜெர்மனியைச் சேர்ந்த ரோல்ஃப் யோவாகிம் முல்லர் குழுவினர், தெர்மோபிஃபிடா ஃபஸ்கா என்னும் வெப்பநாட்டப் பாக்டீரியாவின் நொதி 55 பாகை செல்சியசில் மூன்று வாரங்களில் பெட்டின் எடையைப் பாதியளவு குறைத்ததை அறிவித்தனர். 2012இல் ஒசாகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இலைதழை எருக்குவியலிலிருந்து எடுத்த மரபணுக்களில் பெட்டைச் சிதைக்கும் கியூட்டினேஸ் ஒன்றைக் கண்டனர். எல்.சி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்நொதியே பின்னர் தொழிற்சாலைவரை சென்றது.

வெப்பநிலை ஏன் முதன்மையானது?

ஆறிப்போன வெல்லப்பாகு இறுகியிருக்கும், சூடுபடுத்தினால் இளகும். பெட்டின் படிகமற்ற பகுதிகளும் இதைப் போன்றவையே. ஏறத்தாழ 70 பாகை செல்சியசுக்குக் கீழே சங்கிலிகள் அசைவின்றி விறைத்திருக்கும். அதற்கு மேல் அவை இளகி அசையத் தொடங்கும். இந்த எல்லைக்குக் கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலை என்று பெயர். நீரில் ஊறிய நெகிழியில் இவ்வெல்லை சற்றுக் குறையும். சங்கிலி அசைந்தால்தான் நொதியின் பிளவுக்குள் அது எளிதாக நுழையும். எனவே சூட்டில் சிதைவு பல மடங்கு விரைவாகும்.

ஆனால் நொதி என்பது ஒரு புரதம். சூடான வாணலியில் முட்டையின் வெள்ளைக்கரு உறைவதைப்போல, பெரும்பாலான நொதிகள் சூட்டில் வடிவம் குலைந்து செயலிழக்கும். ஐடியோனெல்லாவின் பெட்டேஸ் 30 பாகை செல்சியசில் நன்கு வேலை செய்யும், ஆனால் சூட்டைத் தாங்காது. எருக்குவியலின் சூட்டில் வாழும் உயிரிகளின் நொதிகளோ இயல்பாகவே சூட்டைத் தாங்குபவை.

சூடு அதிகமானாலும் சிக்கல் உண்டு. கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலைக்கு மேல் சங்கிலிகள் அசையும்போது, அவை ஒழுங்காக அடுக்கிக்கொண்டு படிகமாகவும் தொடங்கும். அப்போது நொதியால் வெட்ட முடியாத பகுதி கூடிவிடும். எனவே சங்கிலி இளகும் அளவு சூடும் வேண்டும், அது படிகமாவதற்குள் வெட்டி முடிக்கும் விரைவும் வேண்டும்.

நொதியைத் திருத்துதல்

நொதியின் அமினோ அமிலங்களில் சிலவற்றை மாற்றி, அதன் விரைவையோ உறுதியையோ கூட்டும் முறைக்கு நொதிப் பொறியியல் என்று பெயர். பெட் தொடர்பாக இத்துறையில் நிகழ்ந்த சில குறிப்பிடத்தக்க முன்னேற்றங்கள் கீழே தரப்படுகின்றன.

2018: இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்கீகன், அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தின் கிரெக் பெக்காம் ஆகியோரின் குழுவினர், பெட்டேஸின் முப்பரிமாண வடிவத்தை மிகத் துல்லியமாகக் கண்டறிந்தனர். அதன் செயல்மையப் பிளவு கியூட்டினேஸின் பிளவைவிட அகன்றிருந்தது. அதைக் குறுக்கினால் செயல்திறன் குறையும் என்று எதிர்பார்த்து இரண்டு அமினோ அமிலங்களை மாற்றினர். எதிர்பார்ப்புக்கு மாறாகத் திறன் கூடியது.

2020 ஏப்ரல்: பிரான்சின் கார்பியோஸ் நிறுவனமும் துலூஸ் நகர ஆய்வாளர்களும் எல்.சி.சி. நொதியைத் திருத்தினர். அதில் கந்தகப் பாலம் ஒன்றைச் சேர்த்துச் சூட்டைத் தாங்கும் வலிமையைக் கூட்டினர். 72 பாகை செல்சியசில் இந்நொதி, முன்பதப்படுத்திய பெட் கழிவின் 90 விழுக்காட்டைப் பத்தே மணிநேரத்தில் சிதைத்தது. கிடைத்த மூலப்பொருளைக் கொண்டு புதிய பாட்டிலும் செய்து காட்டினர். இம்முடிவுகள் 'நேச்சர்' ஆய்விதழில் வெளிவந்தன.

2020 செப்டம்பர்: மெக்கீகன், பெக்காம் குழுவினர் பெட்டேஸையும் எம்ஹெட்டேஸையும் ஒரே நொதியாக இணைத்தனர். இவ்விணைப்பு, பெட்டேஸ் மட்டும் தனித்துச் செயல்படுவதைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு விரைவாகச் செயல்பட்டது.

2022: அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஹால் ஆல்ப்பர் குழுவினர், கணினிக் கற்றல் முறையைப் பயன்படுத்தி, எந்த அமினோ அமிலங்களை மாற்றலாம் என்று கணித்தனர். அவ்வாறு உருவான ஃபாஸ்ட் பெட்டேஸ், 50 பாகை செல்சியசில், கடைகளில் கிடைக்கும் 51 வகைப் பெட் பெட்டிகளின் துண்டுகளை ஒரு வாரத்துக்குள் ஏறத்தாழ முழுமையாகச் சிதைத்தது. இப்பெட்டிகள் படிகத்தன்மை குறைந்தவை. பாட்டிலுக்கு இந்நொதியும் முன்பதப்படுத்தலை வேண்டியது.

ஆலையில் நடப்பது என்ன?

நொதி மறுசுழற்சி என்றால், குப்பைமேட்டின்மேல் பாக்டீரியாவைத் தெளிப்பது அன்று. அது வேதித் தொழிற்சாலைக்குள் நடக்கும் வேலை. பாட்டில்கள் முதலில் சேகரிக்கப்பட்டு, பிற நெகிழிகளிலிருந்து பிரிக்கப்பட்டு, கழுவப்பட வேண்டும். பிறகு அவற்றை உருக்கி, சட்டென்று குளிரவைத்துப் படிகத்தன்மையைக் குறைக்க வேண்டும். அதன்பின் பொடியாக்க வேண்டும். அப்பொடியை நீரும் நொதியும் கொண்ட கலனில் இட்டு, வெப்பநிலை மாறாமல் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

சிதைவு நடக்க நடக்க டெரிப்தாலிக் அமிலம் சேர்ந்து கரைசல் புளிப்பாகும். அதனால் நொதி செயலிழக்காமல் இருக்க எரிசோடா சேர்த்துக் கார அமிலத் தன்மையைச் சமன்செய்ய வேண்டும். இறுதியில் அமிலத்தைப் பிரித்தெடுக்கும்போது சோடியம் உப்பு பெருமளவில் கழிவாக மிஞ்சும். உருக்குவதற்கும் பொடிப்பதற்கும் மின்சாரம் வேண்டும். எனவே இம்முறை செலவற்றதும் அன்று, முற்றிலும் மாசற்றதும் அன்று.

ஆயினும் இதில் ஒரு சிறப்பு உண்டு. வழக்கமான மறுசுழற்சியில் பாட்டிலை உருக்கி மீண்டும் வார்க்கும்போது சங்கிலிகள் குறுகி, நெகிழியின் தரம் ஒவ்வொரு சுற்றிலும் குறைகிறது. நொதி முறையில் அடிப்படை மூலக்கூறுகளே திரும்பக் கிடைப்பதால் புதிய நெகிழிக்கு நிகரான தரம் கிடைக்கும். வழக்கமான முறையில் பாட்டிலாக்க முடியாத நிறமேற்றிய பெட்டையும் பாலியெஸ்டர் துணிக் கழிவையும்கூட இவ்வழியில் பயன்படுத்த வாய்ப்பு உள்ளது. கார்பியோஸ் நிறுவனம் 2021இல் பிரான்சின் கிளெர்மோன் ஃபெரான் நகரில் இதற்கான செயல்விளக்க ஆலையைத் தொடங்கியது.

பிற நெகிழிகளின் நிலை

மளிகைக்கடைப் பைகள் பாலிஎத்திலீனால் ஆனவை. பாட்டில் மூடிகளிலும் வாளிகளிலும் பாலிஎத்திலீனோ பாலிபுரோப்பிலீனோ இருக்கும். இவற்றின் சங்கிலிகளில் எஸ்டர் பிணைப்பே இல்லை. கரிமமும் கரிமமும் நேரடியாக இணைந்த முதுகெலும்பே உண்டு. நீரைச் சேர்த்து அவிழ்க்கத்தக்க முடிச்சு அங்கு இல்லாததால் பெட்டேஸ் இவற்றை ஒன்றும் செய்யாது. முதலில் ஆக்சிஜனேற்றம் செய்து சங்கிலியில் பலவீனமான இடத்தை உண்டாக்கினால்தான் மேற்கொண்டு வெட்ட இயலும்.

இத்துறையிலும் ஆய்வுகள் நடக்கின்றன. தேன்கூட்டின் மெழுகை உண்ணும் மெழுகுப்புழு பாலிஎத்திலீன் பையைத் துளையிடுவதை ஃபெடரிகா பெர்டோக்கினி குழுவினர் 2017இல் அறிவித்தனர். அப்புழுவின் உமிழ்நீரிலுள்ள நொதிகள் பாலிஎத்திலீனை ஆக்சிஜனேற்றம் செய்வதாக 2022இல் தெரிவித்தனர். மாவுப்புழுக்களின் குடலில் பாலிஸ்டைரீன் சிதைவதை 2015இல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பாலியூரித்தேனைச் சிதைக்கும் பூஞ்சைகளும் அறியப்பட்டுள்ளன. ஆனால் பாலிஎத்திலீன் சிதைவு குறித்த பல முடிவுகள் இன்றும் விவாதத்துக்கு உரியவை. புழு மென்று பொடியாக்குவதையும், வேதிச் சிதைவையும் பிரித்துக் காட்டுவது எளிதன்று.

உலக நெகிழி உற்பத்தி குறித்து 2017இல் வெளிவந்த கணக்கீட்டின்படி, இழைகள் நீங்கலான நெகிழிகளில் 36 விழுக்காடு பாலிஎத்திலீன், 21 விழுக்காடு பாலிபுரோப்பிலீன். பெட்டின் பங்கு 10 விழுக்காட்டுக்கும் குறைவு. அதாவது, இன்று நன்கு அறியப்பட்டுள்ள நொதிகள் நெகிழிக் குப்பையின் ஒரு பகுதிக்கு மட்டுமே பொருந்தும்.

மாணவர்கள் கேட்கக்கூடிய ஐயங்கள்

இப்பாக்டீரியாவைக் கடலில் விட்டால் நெகிழி மறைந்துவிடுமா?

மறையாது. பெட் நீரைவிட அடர்த்தி மிக்கது, ஆகவே கடலில் மூழ்கிவிடும். ஆழ்கடலின் குளிரில் நொதி மிக மெதுவாகவே வேலை செய்யும். சுரக்கும் நொதி கடல்நீரில் கரைந்து சிதறிவிடும். மேலும், எளிதில் உண்ணத்தக்க வேறு உணவு கிடைக்கும் இடத்தில் பாக்டீரியா கடினமான பெட்டை நாட வேண்டிய தேவையில்லை.

வீட்டிலுள்ள பாட்டில்களையும் பாலியெஸ்டர் துணிகளையும் இவை அரித்துவிடுமா?

அஞ்சத் தேவையில்லை. நுண்ணுயிரி வளர ஈரமும் பிற சத்துப்பொருள்களும் வேண்டும். மரத்தைச் சிதைக்கும் பூஞ்சைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இருந்தும், உலர்வாக வைத்திருக்கும் கதவும் நாற்காலியும் தலைமுறைகளாக நிலைத்திருக்கின்றன.

மக்கும் நெகிழி என்று விற்கப்படும் பைகளைக் குப்பையில் எறியலாமா?

அவற்றில் பலவும் பி.எல்.ஏ. எனப்படும் பாலிலாக்டிக் அமிலத்தால் ஆனவை. இது ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் சூடு நிலவும் பெரிய எருவாக்கும் கூடங்களில்தான் நன்கு மக்கும். தெருவோரத்திலோ கடலிலோ கிடந்தால் நெடுநாள் அப்படியே இருக்கும்.

செய்தியைப் படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள்

நெகிழியை உண்ணும் புதிய உயிரி பற்றிய செய்தியைப் படிப்போர் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். எந்த நெகிழி? பயன்படுத்தியது பாட்டிலா, மெல்லிய படலமா, பொடியா? எந்த வெப்பநிலையில், எத்தனை நாளில்? சிதைந்த நெகிழி எதுவாக மாறியது? இந்நான்குக்கும் விடை இல்லாத செய்தியை முழுமையான செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

முன்னர்க் குறிப்பிட்ட 2017ஆம் ஆண்டுக் கணக்கீட்டின்படி, 2015வரை உலகில் 830 கோடி டன் நெகிழி உற்பத்தி செய்யப்பட்டு, அதில் 630 கோடி டன் கழிவாகியிருந்தது. அக்கழிவில் 9 விழுக்காடு மறுசுழற்சி செய்யப்பட்டது, 12 விழுக்காடு எரிக்கப்பட்டது. மீதி 79 விழுக்காடு குப்பைமேடுகளிலும் இயற்கைச் சூழலிலும் தங்கிவிட்டது. நொதியால் பயன் பெற வேண்டுமானால் பாட்டில் முதலில் ஆலையின் வாயிலுக்கு வந்துசேர வேண்டும். தெருவில் வீசப்பட்ட பாட்டிலைத் தேடிச் சென்று சிதைக்கும் நொதி எதுவும் இல்லை. குறைவாகப் பயன்படுத்துவதும், பிரித்துச் சேகரிப்பதும் மனிதர் செய்ய வேண்டிய வேலைகள். நொதியின் வேலை அதற்குப் பிறகே தொடங்குகிறது.